கோடை உடையும் பிரெப்பி பாணியும்: உங்கள் கேள்விகள், என் பதில்கள்

கோடை உடைகள் பற்றிக் கேள்விகள் கேட்கச் சொல்லியிருந்தேன். வந்தவற்றில் பாதிக்கு மேல் பிரெப்பி பாணியைப் பற்றித்தான். பெண்களுக்கு உடை தைத்தும், துணி தேர்ந்தெடுத்துக் கொடுத்தும் பல வருடங்கள் ஆகின்றன. அதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. அதனால் சில பதில்கள் நீண்டுவிட்டன.

அக்கா, பிரெப்பி பிரெப்பி என்கிறார்களே, அது என்ன? எனக்குப் பள்ளிச் சீருடை மாதிரிதான் தெரிகிறது.

உங்கள் கண் சரியாகத்தான் பார்த்திருக்கிறது. அமெரிக்காவின் வடகிழக்கில், கல்லூரிப் படிப்புக்குத் தயார்படுத்தும் தனியார் பள்ளிகளை பிரெப் ஸ்கூல் என்பார்கள். அங்கே படித்துவிட்டு ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன் என்று போன பையன்களின் உடுப்புக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

பெண்கள் இதற்குள் வந்த கதைதான் எனக்குப் பிடித்தது. யேலும் பிரின்ஸ்டனும் இளநிலைப் படிப்பில் பெண்களைச் சேர்த்துக்கொண்டதே 1969இல்தான். அதற்குப் பல வருடங்களுக்கு முன்பே ஸ்மித், வெல்லெஸ்லி, வாஸர் போன்ற பெண்கள் கல்லூரிகளின் மாணவிகள் ஆண்கள் கடைக்குப் போய்ச் சட்டை வாங்கிப் போட்டுக்கொள்ள ஆரம்பித்துவிட்டார்கள். தொளதொளவென்ற சட்டை, முட்டி வரை பெர்முடா ஷார்ட்ஸ், தட்டைச் செருப்பு. 1949இல் புரூக்ஸ் பிரதர்ஸ் என்ற ஆண்கள் ஆடை நிறுவனம் தன் இளஞ்சிவப்புச் சட்டையைப் பெண்களுக்கென்றே வெட்டி விற்றது. இந்தப் பாணியைப் பெண்களுக்கு யாரும் கொடுக்கவில்லை, அவர்களாகவே எடுத்துக்கொண்டார்கள்.

இன்னொன்றும் கவனியுங்கள். இதில் இருக்கிற உடைகளில் பெரும்பாலானவை விளையாட்டிலிருந்தும் படகிலிருந்தும் வந்தவை. கையைத் தூக்கினால் பிடிக்கக் கூடாது, வியர்த்தால் ஒட்டக் கூடாது, துவைத்தால் தாங்க வேண்டும் என்று செய்தவை. கோடைக்கு இந்தப் பாணி பொருந்துவதற்கு இதுதான் காரணம்.

பட்டன்-டவுன் சட்டை ஆசையாக வாங்கினேன். வெயிலில் போட முடியவில்லை, கனமாக இருக்கிறது. துணி தவறா, நான் தவறா?

துணிதான். நீங்கள் வாங்கியது ஆக்ஸ்ஃபோர்டு துணியாக இருக்கும். நீளவாட்டில் ஓடும் பாவு நூலை இரண்டிரண்டாகச் சேர்த்து எடுத்து, குறுக்கே தடித்த ஊடை நூல் கொடுத்து, கூடைப் பின்னல் போல நெய்வது. நன்றாக உழைக்கும், ஆனால் கனம் உண்டு. கடும் வெயிலுக்கு மெல்லிய பருத்தித் துணிகளான பாப்லின், ஷாம்ப்ரே, ஆளி நாரில் நெய்த லினன் மூன்றும் மேல். காலர் முனையில் பட்டன் வைத்த சட்டை இந்தத் துணிகளிலும் கிடைக்கும். போலோ ஆட்டக்காரர்கள் குதிரையில் போகும்போது காலர் முகத்தில் அடிக்காமலிருக்கப் பட்டன் போட்டுக்கொண்டதிலிருந்து வந்த காலர் அது.

இருக்கிற சட்டையைத் தூக்கிப் போடாதீர்கள். குளிரூட்டிய அறைக்கும் மாலைக் காற்றுக்கும் அதுவே சரி.

சியர்சக்கர் துணிக்கு இஸ்திரி வேண்டாம் என்கிறார்கள். நிஜமா?

நிஜம். பாரசீகத்தில் 'ஷிர் ஓ ஷக்கர்', அதாவது பாலும் சர்க்கரையும் என்ற சொல்லிலிருந்து வந்த பெயர். ஒரு பட்டை பால் போல வழவழப்பு, அடுத்த பட்டை சர்க்கரை போல மொரமொரப்பு. பாவில் ஒரு பகுதி நூலை இறுக்கியும் இன்னொரு பகுதியைத் தளர்த்தியும் விட்டு நெய்வார்கள். தளர்ந்த நூல் சுருங்கிப் புடைத்து நிற்கும். அந்தப் புடைப்பு துணியை உடம்பிலிருந்து தூக்கிப் பிடிப்பதால் நடுவில் காற்று போகும். இஸ்திரி போட்டு அதை அமுக்கினால் துணியின் குணமே போய்விடும்.

ஆனால் சியர்சக்கர் என்று விற்பதெல்லாம் சியர்சக்கர் இல்லை. காஸ்டிக் சோடாவை வரிவரியாகத் தடவிச் சுருக்கம் வரவைக்கும் துணியும் உண்டு, பிளிஸே என்பார்கள். நான் ஒருமுறை அப்படி ஒரு கவுனை ஏமாந்து வாங்கினேன். சில சலவையிலேயே தட்டையாகிவிட்டது.

கடையில் இப்படிப் பாருங்கள். துணியை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கி, ஒரே ஒரு பட்டையைக் கண்ணால் மேலிருந்து கீழ் வரை பின்தொடருங்கள். நெய்த சுருக்கம் நூலின் கோட்டை விட்டு நகராது: ஒரு பட்டை தட்டை, அடுத்தது புடைப்பு, கடைசி வரை அப்படியே. அப்புறம் இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்துவிட்டு விடுங்கள். புடைப்பு உடனே திரும்பி வர வேண்டும். இழுத்த இடம் சமமாகவே நின்றுவிட்டால் வாங்காதீர்கள்.

மெட்ராஸ் செக்ஸ் என்று ஒரு துணி பிரெப்பி பட்டியல்களில் எல்லாம் வருகிறது. அது நம் மெட்ராஸ்தானா?

அதே மெட்ராஸ்தான். இதை எழுதும்போது எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருக்கிறது.

சென்னப்பட்டினத்தைச் சுற்றித் தறியில் நெய்த கட்டம் போட்ட மெல்லிய பருத்தித் துணி. கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்திலேயே கப்பலேறிவிட்டது. புனித ஜார்ஜ் கோட்டையில் கவர்னராக இருந்த எலிஹு யேல், 1718இல் அமெரிக்காவில் ஒரு கல்லூரிக்கு 417 புத்தகங்களோடு ஒன்பது மூட்டைச் சரக்கும் அனுப்பினார். மூட்டைகளில் துணிகள் இருந்தன. அவற்றை விற்ற பணத்தில் கட்டடம் எழும்பியது, கல்லூரிக்கு அவர் பெயரையே வைத்தார்கள். பிரெப்பி உடுப்பின் தலைமையிடங்களில் ஒன்றான யேல் அதுதான். பின்னாளில் அந்தக் கல்லூரிப் பிள்ளைகளே மெட்ராஸ் கட்டத்தைக் கோடைக்கால அடையாளமாக அணிந்தார்கள்.

அந்தக் காலத்து மெட்ராஸ் சாயம் போகும். ஒவ்வொரு சலவையிலும் ஒரு நிறம் பக்கத்து நிறத்தில் கசிந்து கட்டங்களின் ஓரம் கரைந்து மென்மையாகும். அமெரிக்காவில் இதையே பெருமையாக்கி, 'சாயம் போகும் என்பதற்கு உத்தரவாதம்' என்று விளம்பரம் செய்து விற்றார்கள். இப்போது வருவதில் பெரும்பாலும் சாயம் நிற்கிறது. கைத்தறியில் பழைய முறையில் செய்தது கிடைத்தால் மட்டும் ஒரு வெள்ளைக் கைக்குட்டையை நனைத்து உள்தையலில் அழுத்திப் பாருங்கள். நிறம் ஒட்டினால் குளிர்ந்த தண்ணீரில் தனியாக அலச வேண்டும்.

தைத்த உடையாக வாங்கினால் பக்கத் தையலைப் பாருங்கள். முன்பக்கத்துக் கட்டத்தின் குறுக்குக்கோடு பின்பக்கத்துக் கோட்டோடு சேர வேண்டும். சட்டைப் பாக்கெட், பின்னணிக் கட்டத்தில் மறைந்து போகிற மாதிரி வைத்திருந்தால் தைத்தவர் துணியை வீணாக்கத் தயங்கவில்லை என்று அர்த்தம். கட்டம் எங்கேயோ ஏறியும் இறங்கியும் இருந்தால் எத்தனை பெரிய பெயர் போட்டிருந்தாலும் திருப்பி வைத்துவிடுங்கள்.

வெயிலில் எதற்குத் தோளில் ஸ்வெட்டர் கட்டிக்கொள்கிறார்கள்?

கடலோரத்தில் பொழுது சாய்ந்தால் குளிரும், அதற்காக எடுத்துப் போனது. உங்களுக்குக் குளிராத இடத்தில் வேண்டாம்.

போலோ டி-ஷர்ட் போட்டால் மார்பு பெரிதாகத் தெரிகிறது, பெட்டி மாதிரி நிற்கிறது. எனக்கு இந்தப் பாணியே சரிவராதோ?

சரிவரும். பெரும்பாலும் வெட்டில்தான் பிரச்சினை. டென்னிஸ் வீரர் ரெனே லகோஸ்ட் 1926இல் அமெரிக்கப் போட்டியில் நீளக்கைச் சட்டைக்குப் பதிலாக அரைக்கை வைத்த, பிகே என்ற சிறு துளைகள் கொண்ட பருத்திப் பின்னல் சட்டை போட்டு ஆடினார். அதிலிருந்துதான் இது பரவியது. ஆண் உடம்புக்கு வெட்டிய நேர்க்கோட்டு உடுப்பு என்பதால் அதே அச்சில் பெண்களுக்கும் போட்டால் தொங்கும்.

மார்பளவுக்குச் சரியான சைஸ் எடுத்து, பக்கத் தையலை இடுப்புப் பக்கம் உள்ளே பிடிக்கச் சொல்லுங்கள். தோள் தையல் தோள் எலும்பின் முனையில் நிற்க வேண்டும், அதைப் பிறகு சரிசெய்வது கடினம். கையின் விளிம்பு மார்பின் அகலமான இடத்துக்கு நேராக முடிந்தால் அகலம் கூடித் தெரியும், அதற்கு ஓரங்குலம் மேலே முடிகிறதா என்று பாருங்கள். பட்டன் பட்டி நீளமாக இருந்தால் நல்லது. இரண்டு பட்டனைத் திறந்து விடுங்கள், கழுத்து நீண்டு தெரியும்.

இந்த வருட டிரெண்ட் என்ன, அடுத்த வருடம் என்ன என்று ஓடி ஓடிக் களைத்துவிட்டேன். எதைப் பின்பற்றுவது?

டிரெண்ட் எப்படி வருகிறது என்று தெரிந்தால் பாதிக் களைப்பு குறையும். ஒரு கோடைக்கான உடைகள் அதற்கு முந்தைய செப்டம்பர், அக்டோபரிலேயே நியூயார்க், லண்டன், மிலான், பாரிஸ் மேடைகளில் வந்துவிடுகின்றன. பிறகு விலை குறைந்த கடைகள் அதைப் பார்த்துச் செய்கின்றன. தெருவில் எல்லோரும் போடும்போது அடுத்த கோடை ஏற்கனவே முடிவாகியிருக்கும்.

கடந்த சில வருடங்களைப் பாருங்கள். 2024 கோடைக்கான காட்சியில் மியு மியு என்ற இத்தாலிய நிறுவனம் போலோவும், படகில் போடும் தட்டை ஷூவான போட் ஷூவும் காட்டியது, இரண்டும் பரவின. 2025இல் வெண்ணெய் மஞ்சள் எங்கு பார்த்தாலும். 2026க்கான நிறமாக, பான்டோன் என்ற நிறத் தரநிர்ணய நிறுவனம் அறிவித்தது கிளவுட் டான்சர் என்ற ஒருவகை வெள்ளை. மாறுவது நிறமும் அளவும்தான். பேன்ட் அகலமாகும், குறுகும், ஷர்ட் குட்டையாகும், நீளும். பருத்தியும் லினனும் கோடும் கட்டமும் அப்படியேதான் இருக்கின்றன.

அதனால் துணி நல்லதாக இருக்கும் பெரிய உடுப்புகளை எப்போதும் போடும் நிறத்தில் வாங்குங்கள். டிரெண்டைப் பெல்ட், பை, தலைக்குட்டை, செருப்பு இவற்றில் தீர்த்துக்கொள்ளுங்கள்.

அந்த வெண்ணெய் மஞ்சள் எனக்குச் சோகை பிடித்த மாதிரி காட்டுகிறது.

அது நிறைய பேருக்கு அப்படித்தான். முகத்துக்குப் பக்கத்தில் வேண்டாம். பாவாடையாகவோ பேன்ட்டாகவோ போட்டு, மேலே வெள்ளையோ நேவி நீலமோ போடுங்கள். வாங்கும்போது கடை விளக்கை நம்பாமல் வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள்.

வயது 52. மடிப்பு வைத்த டென்னிஸ் ஸ்கர்ட் மேல் ஆசை. பிள்ளைகள் சிரிக்கிறார்கள்.

அவர்கள் சிரிக்கட்டும் அம்மா, நீங்கள் போடுங்கள். குட்டைப் பாவாடையில் கூச்சம் இருந்தால் அதே மடிப்பில் முட்டிக்குக் கீழே வருவது எடுங்கள். இடுப்பிலிருந்து நாலைந்து அங்குலம் வரை மடிப்பைத் தைத்து அமுக்கியிருந்தால் வயிற்றுப் பக்கம் உப்பாது, நடக்கும்போது கீழே மட்டும் விரியும். முழுப் பருத்தியில் மடிப்பு நிற்காது, இந்த ஓர் உடுப்புக்கு மட்டும் பாலியஸ்டர் கலந்ததை நானே சொல்வேன். உள்ளே ஷார்ட்ஸ் வைத்துத் தைத்ததாக இருந்தால் நிம்மதி.

குறுக்குக்கோடு போட்டால் குண்டாகத் தெரியுமா?

கோட்டின் அகலத்தைப் பொறுத்தது. பிரெஞ்சுக் கடற்படை 1858இல் மாலுமிகளுக்கு விதித்த பனியனில் வெள்ளைப் பட்டை நீலப் பட்டையைப் போல இரண்டு மடங்கு அகலம். அந்தக் கணக்கு இன்றைக்கும் அழகு. நீலம் மெல்லிசாக இருப்பதால் கண் எங்கேயும் தடுக்கி நிற்காது. தடித்த சமபட்டைகளைத்தான் தவிர்க்க வேண்டும்.

வெள்ளைப் பேன்ட் வாங்கினால் உள்ளே எல்லாம் தெரிகிறது. செப்டம்பருக்குப் பிறகு வெள்ளை போடக் கூடாது என்கிறார்களே, அதுவும் உண்மையா?

முதலில் இரண்டாவது. அமெரிக்காவில் செப்டம்பர் முதல் திங்கள் தொழிலாளர் தினம். அதோடு கோடை முடிந்தது, வெள்ளையை எடுத்து வை என்பது அங்கே பழைய வழக்கம். இப்போது அங்கேயே பலர் பார்ப்பதில்லை. வெயில் இருக்கும் வரை போடுங்கள்.

பேன்ட்டுக்குள் கையை விட்டு வெளிச்சத்தில் விரியுங்கள். விரல்களை எண்ண முடிந்தால் அது வெளியே போட ஆகாது. சாய்கோட்டு நெசவான டுவில் பருத்தி மறைக்கும். பாக்கெட் துணி வெள்ளையாக இருந்தால் இரண்டு பட்டையாக வெளியே தெரியும், தோல் நிறத் துணியில் மாற்றித் தரச் சொன்னால் தையல்காரர் அரைமணியில் முடிப்பார். உள்ளாடையும் தோல் நிறத்தில் இருக்கட்டும், வெள்ளைக்குள் வெள்ளை பளிச்சென்று தெரியும்.

போட் ஷூ சாக்ஸ் இல்லாமல் போட்டால் நாற்றம் வருகிறது.

தொடர்ந்து இரண்டு நாள் ஒரே ஜோடியைப் போடாதீர்கள். வெளியே தெரியாத குட்டிச் சாக்ஸ் போடுங்கள், உள்ளே தோல் அட்டை இருந்தால் கழற்றிக் காற்றாட வையுங்கள். பால் ஸ்பெரி என்ற அமெரிக்கர் 1935இல், ஐஸில் வழுக்காமல் ஓடும் தன் நாயின் பாதத்தைப் பார்த்து இந்த ஷூவின் அடிப்பாகத்தில் வரிவரியாக வெட்டினார். படகில் ஈரத்தில் நிற்பதற்காகச் செய்த ஷூ அது, நாள் முழுவதும் காலை மூடி வைக்க அல்ல. கடும் வெயிலில் சணல் அடி வைத்த எஸ்பட்ரில் இன்னும் காற்றோட்டம். மழையில் மட்டும் வேண்டாம், சணல் ஊறிவிடும்.

வெள்ளைச் சட்டைக் காலரில் ஆரஞ்சுக் கறை. பிளீச் போட்டேன், இன்னும் மோசமாகிவிட்டது. சாயம் போகிற துணியோடு துவைக்கவும் இல்லை.

நீங்கள் கழுத்தில் சன்ஸ்கிரீன் போடுகிறவர் என்று நினைக்கிறேன். அதில் அவோபென்சோன் என்று ஒரு பொருள் பலவற்றில் இருக்கும். தண்ணீரில் இரும்புச்சத்து இருந்தால் அதோடு சேர்ந்து துரு மாதிரிக் கறை வரும். குளோரின் பிளீச் அதை இன்னும் ஆழமாக்கும், அதனால் இனிமேல் அதைத் தொடாதீர்கள். பாத்திரம் கழுவும் திரவத்தைத் தடவி எண்ணெய்ப் பசையை முதலில் எடுங்கள். அப்புறம் எலுமிச்சைச் சாறோ துருக் கறை நீக்கியோ கறையின் மேல் மட்டும் விட்டு, கொஞ்ச நேரம் ஊற வைத்து அலசுங்கள். பிளீச் துளியும் துணியில் மிச்சமில்லாதபடி முன்பே நன்றாக அலசியிருக்க வேண்டும், அமிலத்தோடு அது சேரக் கூடாது. கறை போகும் வரை இஸ்திரிப் பெட்டியை அதன் மேல் வைக்காதீர்கள். அடுத்த முறை சன்ஸ்கிரீன் தோலில் காய்ந்த பிறகு சட்டையைப் போடுங்கள்.