தாத்தாவின் டைரியில் "கொழும்பு மூன்றாவது": 1934 டார்பிக்கு அடிக்குறிப்பு எழுதுவது எப்படி?

கேள்வி: என் தாத்தா 1930களில் லண்டனில் படித்தவர். அவருடைய டைரியை வீட்டுக்குள் கொடுப்பதற்காகச் சிறு புத்தகமாக அச்சிடுகிறோம். 1934 ஜூன் 6 அன்று இப்படி எழுதியிருக்கிறார்: "புதன். சிநேகிதர்களோடு டார்பி போனேன். மேட்டில் நின்றோம், டிக்கெட் இல்லை. அந்த அம்மாள் விழுந்த வளைவைக் காட்டினார்கள். ராஜ்பிப்லா ராஜாவுக்கு ஜயம். 15க்கு 2. கொழும்பு மூன்றாவது. எல்லாம் மூன்று வயது." டெர்பி என்பதைத் தப்பாக எழுதிவிட்டாரா? இது இந்தியன் டெர்பியா? கொழும்பு எங்கிருந்து வந்தது? அடிக்குறிப்பில் என்ன போடுவது?

பதில்: முதலில் ஒரு வேண்டுகோள். "டார்பி" என்பதைத் திருத்திவிடாதீர்கள். இங்கிலாந்தில் அந்தச் சொல்லை அப்படித்தான் உச்சரிப்பார்கள். டெர்பி என்பது எழுத்துக்கூட்டிப் படித்தும் அமெரிக்க உச்சரிப்பு வழியாகவும் நம்மிடம் வந்தது. தாத்தா காதால் கேட்டதை எழுதியிருக்கிறார்.

இது எந்தப் பந்தயம் என்பதைத் தேதியே சொல்லிவிடுகிறது. டெர்பி என்ற பெயரில் உலகெங்கும் குதிரைப் பந்தயங்கள் உண்டு. அமெரிக்காவின் கென்டக்கி டெர்பி 1875இல் தொடங்கியது. மும்பை மகாலட்சுமியில் நடக்கும் இந்தியன் டெர்பி 1943இல்தான் வந்தது, அதுவும் நான்கு வயதுக் குதிரைகளுக்கானது. ஆகவே 1934 டைரியில் அது வர வழியில்லை. லண்டனுக்குத் தெற்கே சர்ரே மாவட்டத்து எப்சம் மேட்டுநிலத்தில் ஜூன் தொடக்கத்தில் நடப்பதுதான் மூல டார்பி. நெடுங்காலம் அது பெரும்பாலும் புதன்கிழமையில்தான் நடந்தது, 1995 முதல் சனிக்கிழமைக்கு மாறியது. 1934 ஜூன் 6 புதன்கிழமைதான். சரியாகப் பொருந்துகிறது.

வரலாறு வேண்டுமென்றால் கொஞ்சம் சொல்கிறேன். 12ஆம் டார்பி பிரபுவும் அவருடைய நண்பர்களும் 1779இல் எப்சமில் மூன்று வயதுப் பெண்குதிரைகளுக்கு ஒரு பந்தயம் வைத்தார்கள். பிரபுவின் மாளிகைப் பெயரால் அதற்கு ஓக்ஸ் என்று பெயர். மறு வருஷம், 1780 மே 4 அன்று, ஆண்குதிரை, பெண்குதிரை இரண்டும் ஓடலாம் என்று இன்னொன்றைத் தொடங்கினார்கள். அதுதான் டார்பி. முதலில் ஜெயித்த குதிரை டயோமெட், சொந்தக்காரர் சர் சார்லஸ் பன்பரி. யார் பெயரை வைப்பது என்று பன்பரியும் டார்பி பிரபுவும் நாணயம் சுண்டிப் பார்த்தார்கள் என்று ஒரு கதை வழிவழியாக வருகிறது. கேட்க நன்றாக இருக்கும், ஆனால் அடிக்குறிப்பில் நடந்த சம்பவமாகப் போடாதீர்கள். ஆரம்பத்தில் ஓட்டம் ஒரு மைல்தான், 1784 முதல் ஒன்றரை மைல். (நம் கிண்டியில் 1777லேயே குதிரைப் பந்தயம் தொடங்கிவிட்டது. வயதில் கிண்டி மூன்று வருஷம் மூத்தது.)

"எல்லாம் மூன்று வயது" என்ற வரியை அவசியம் விளக்குங்கள், ஏனென்றால் டார்பியின் உயிரே அதில்தான் இருக்கிறது. வட அரைக்கோளத்தில் பந்தயக் குதிரைகளுக்கு எந்த மாதம் பிறந்தாலும் ஜனவரி 1 அன்று ஒரு வயது கூடிவிடும். எனவே ஒரு குதிரை மூன்று வயதில் இருக்கும் ஜூன் மாதம் அதன் ஆயுளில் ஒன்றே ஒன்றுதான். அன்று இருமினால் போச்சு, கால் பிசகினால் போச்சு, அடுத்த வருஷம் என்ற பேச்சே கிடையாது. காயடித்த குதிரைக்கும் இங்கே இடமில்லை. அடுத்த தலைமுறைக்கு எந்த ரத்தம் போகவேண்டும் என்று சோதிக்கிற பந்தயம் இது. பாதையும் அப்படித்தான்: முதல் பாதியில் 40 மீட்டருக்கு மேல் ஏற்றம், பிறகு இடப்பக்கம் வளைந்தபடி இறக்கம், டாட்டனம் கார்னர் என்ற வளைவு, அதைத் தாண்டினால் பக்கவாட்டில் சரிந்த நேர்ப்பாதை. வேகம் மட்டும் இருந்தால் போதாது, நிதானமும் தம்மும் வேண்டும்.

தாத்தாவுக்குக் காட்டியது டாட்டனம் கார்னராகத்தான் இருக்கவேண்டும். 1913 ஜூன் 4 டார்பியில், பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்டுப் போராடிய எமிலி டேவிசன், தடுப்புக்கு அடியில் புகுந்து ஓடுபாதைக்கு வந்தார். மன்னர் ஐந்தாம் ஜார்ஜின் குதிரை அன்மர் அவர்மேல் மோதியது. நான்கு நாள் கழித்து மருத்துவமனையில் இறந்தார். அவருடைய பையில் ஊர் திரும்புவதற்கான ரயில் டிக்கெட் இருந்தது. உயிரை விடவேண்டும் என்றே போனாரா, குதிரையில் கொடி கட்டவோ கடிவாளத்தைப் பிடிக்கவோ பார்த்தாரா என்ற விவாதம் இன்றும் ஓயவில்லை. செய்திப்படக் கேமராக்களில் பதிவான அந்தச் சில நொடிகளை இப்போதும் இணையத்தில் பார்க்கலாம். நடந்து 21 வருஷம் ஆன பிறகும் ஓர் இந்திய மாணவனுக்கு இடத்தைச் சுட்டிக் காட்டினார்கள் என்பது என்னை மிகவும் தொட்டது. பெண்களுக்கு ஆண்களோடு சமமான ஓட்டுரிமை அங்கே வந்தது 1928இல்தான், தாத்தா போவதற்கு ஆறு வருஷம் முன்பு. இந்த ஒரு வரிக்கு மட்டும் நீளமான குறிப்பு எழுதத் தயங்காதீர்கள்.

மேடு என்பது ஓடுபாதைக்கு நடுவே இருக்கும் உயர்ந்த நிலம். பிரபுக்கள் ஸ்டாண்டில் இருக்க, சாதாரண ஜனங்கள் காசு கொடுக்காமல் கூடிய இடம் அதுதான். திருவிழாக் கூட்டம் போல ராட்டினம், கடை, குறி சொல்பவர்கள் எல்லாம் உண்டு. மாணவர்கள் கையில் காசு ஏது? அங்கேதான் போயிருப்பார்கள்.

சரி, கொழும்புக்கு வருவோம். அது ஊர் இல்லை, குதிரையின் பெயர். கிளான்லி பிரபுவின் கொலம்போ அதுவரை ஒரு பந்தயத்திலும் தோற்றதில்லை. அந்த வருஷம் நியூமார்க்கெட்டில் 2000 கினீஸ் பந்தயத்தையும் வென்றிருந்தது. டார்பியிலும் எல்லாரும் அதன்மேல்தான் பணம் கட்டினார்கள். ஆனால் இறக்கத்தில் மற்றக் குதிரைகளுக்கு நடுவே அடைபட்டுப்போய், பிறகு விரைந்தும் மூன்றாவதாகத்தான் வர முடிந்தது. ஜாக்கி ரே ஜான்ஸ்டன்மேல் கடுமையான பழி விழுந்தது. தாத்தா அந்தப் பெயரைத் தமிழ் வழக்கப்படி கொழும்பு என்று எழுதிவிட்டார், அதுதான் உங்களைக் குழப்பியிருக்கிறது.

ஜெயித்தது விண்ட்சர் லாட், ஓட்டியவர் சார்லி ஸ்மர்க். சொந்தக்காரர் இன்றைய குஜராத்தில் இருந்த ராஜ்பிப்லா சமஸ்தானத்தின் மகாராஜா விஜயசிங். எப்சம் டார்பியை வென்ற இந்திய மன்னர் அவர் ஒருவர்தான். ஐந்து முறை வென்ற மூன்றாம் ஆகாகான் (இஸ்மாயிலி முஸ்லிம்களின் மதத்தலைவர்) கராச்சியில் பிறந்தவர் என்றாலும் ஆளும் நிலப்பரப்பு எதுவும் அவருக்குக் கிடையாது, ஆகவே இருவரையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். மகாராஜா பிறகு விண்ட்சர் லாடை 50,000 பவுனுக்கு (பிரிட்டிஷ் பவுண்டுக்கு) விற்றார். புதுச் சொந்தக்காரருக்கு அது அதே ஆண்டு செயின்ட் லெஜர் பந்தயத்தையும் வென்று கொடுத்தது.

"15க்கு 2" என்பது பந்தய விகிதம். 2 பவுன் கட்டியவருக்கு லாபம் 15 பவுன், கட்டிய பணமும் திரும்பி வரும். தாத்தா கட்டினாரா என்று டைரி சொல்லவில்லை. நீங்களும் ஊகித்து எழுதவேண்டாம்.

டைரி வரிகளை அப்படியே விட்டுவிட்டு, கீழே இப்படிப் போடலாம்: "டார்பி: 1780 முதல் எப்சமில் நடக்கும் மூன்று வயதுக் குதிரைகளின் ஒன்றரை மைல் பந்தயம். 1934இல் வென்றது ராஜ்பிப்லா மகாராஜாவின் விண்ட்சர் லாட். கொழும்பு: கொலம்போ என்ற குதிரை." எமிலி டேவிசன் குறிப்பைத் தனியாக வையுங்கள். ஒரு படமும் சேர்க்க ஆசை இருந்தால், பிரிட்டிஷ் பாத்தே செய்திப்படத் தொகுப்பில் அந்தக் கால டார்பிகள் பல இருக்கின்றன. மேட்டில் தொப்பிகளாகத் தெரியும் கூட்டத்தைப் பேரக்குழந்தைகளுக்கு நிறுத்தி நிறுத்திக் காட்டுங்கள்.