குட்டியோடு முங்கும் யாபோக்: கேள்வி பதில்

கேள்வி: பைக்குள் குட்டியை வைத்துக்கொண்டே நீந்தும் விலங்கு உண்டாமே? கங்காரு வகையா?

பதில்: அதன் பெயர் யாபோக். பைம்மா, அதாவது பெரும்பாலும் பையில் குட்டி வளர்க்கும் பாலூட்டி வகை என்பதால் கங்காருவுக்குத் தூரத்துச் சொந்தம், அவ்வளவுதான். ஆஸ்திரேலியாவில் தேடாதீர்கள். தெற்கு மெக்சிகோவிலிருந்து வடக்கு அர்ஜென்டினா வரை, காட்டு ஓடைகளிலும் ஆறுகளிலும் வாழ்கிறது. பிரெஞ்சு கயானாவுக்கும் பிரேசிலுக்கும் எல்லையாக ஓடும் ஓயாபோக் ஆறுதான் பெயருக்குக் காரணம்.

கேள்வி: பைக்குள் தண்ணீர் புகாதா? எனக்கு நினைத்தாலே மூச்சு முட்டுகிறது.

பதில்: இதைக் கேட்காதவர்களே இல்லை. பையின் வாய் வால் பக்கம் பார்த்திருக்கும். வாயைச் சுற்றி வளையமாக ஒரு தசை. பாட்டி இடுப்பில் செருகியிருக்கும் சுருக்குப்பையை நினைத்துக்கொள்ளுங்கள். கயிறு செய்யும் வேலையை இங்கே தசை செய்கிறது. மிச்சமிருக்கும் இடுக்கை விளிம்பு முடியும் எண்ணெய்ப் பசையும் அடைத்துவிடும். உள்ளே காற்று கொஞ்சம்தான். ஆனால் குறைந்த ஆக்சிஜனைக் குட்டிகள் சில நிமிடங்கள் தாங்கும்.

கேள்வி: ஆணுக்கும் பை என்கிறார்களே, புரளிதானே?

பதில்: நிஜம்தான். குட்டிக்காக அல்ல, விதைப்பைக்காக. நீந்தும்போது உள்ளே இழுத்துக்கொள்ளும். பெண்ணின் பை அளவுக்கு இறுக மூடாது.

கேள்வி: ராத்திரியில் மீனை எப்படிக் கண்டுபிடிக்கிறது?

பதில்: துழாவித்தான். பின்னங்காலில் மட்டும் வாத்துக்கால் போலச் சவ்வு, நீந்துவது அதனால். முன்னங்கையில் சவ்வு கிடையாது, நீண்ட விரல்கள். மணிக்கட்டு எலும்பு ஒன்று ஆறாவது விரல் மாதிரி துருத்திக்கொண்டிருக்கும். கையை முன்னால் நீட்டியபடி போகும். மீனோ நண்டோ தவளையோ தட்டுப்பட்டால் பிடி. இதில் வேடிக்கை, அதன் பேரினப் பெயரான கைரோனெக்டெஸ் என்பதற்குக் கிரேக்கத்தில் 'கையால் நீந்துவது' என்று பொருள். கையை நீட்டிப் போவதைப் பார்த்து ஏமாந்துவிட்டார்கள் போல!

கேள்வி: நீர்நாய் அளவு இருக்குமா?

பதில்: அதெல்லாம் இல்லை. முக்கால் கிலோவுக்குப் பக்கத்தில் நிற்கும். வால் மட்டும் உடம்பைவிடக் கொஞ்சம் நீளம். பகலில் ஆற்றங்கரை வளையில் தூக்கம்; வளையின் வாசல் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே இருக்கும்.

கேள்வி: அழிந்துகொண்டிருக்கிறதா?

பதில்: உடனடி ஆபத்து இல்லாத இனங்களோடுதான் சேர்த்திருக்கிறார்கள். ஆனால் கரையோரக் காட்டை வெட்டினால் வளை தோண்ட இடம் போச்சு, ஓடை கெட்டால் இரையும் போச்சு.