ஒரே கல்லூரியில் 38 வருடம் தலைமைப் பயிற்சியாளராக இருக்க முடியுமா?

கேள்வி: அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் தலைமைப் பயிற்சியாளர்கள் நாலைந்து வருடத்துக்கு ஒரு கல்லூரி என்று தாவிக்கொண்டே இருக்கிறார்களே, ஒரே இடத்தில் இருந்து பெரிய ஆளானவர் உண்டா?

உண்டு. டியூக் பல்கலைக்கழக ஆண்கள் அணியில் 42 வருடம் இருந்த மைக் ஷஷெவ்ஸ்கியைத்தான் பலரும் சொல்வார்கள், சரிதான். ஆனால் நான் பேட் சம்மிட்டைத்தான் சொல்வேன். ஷஷெவ்ஸ்கி போய்ச் சேர்ந்தபோது அது மதிப்புள்ள ஒரு பதவி. சம்மிட் சேர்ந்த வேலையை அப்போது யாரும் வேலையாகவே எண்ணவில்லை.

1974இல் முதுகலை படித்துக்கொண்டே உதவிப் பயிற்சியாளராக இருக்கலாம் என்று டென்னசி பல்கலைக்கழகத்துக்கு வந்தவர். இருந்த பயிற்சியாளர் விடுப்பில் போக, பெண்கள் அணி மொத்தமும் இந்த 22 வயதுக்காரியின் தலையில் விழுந்தது. மாதம் 250 டாலர் சம்பளம். வேன் ஓட்டுவதும் சீருடை துவைப்பதும் அவரே; அந்தச் சீருடையே டோனட் விற்ற காசில் வாங்கியது. முதல் ஆட்டத்தில் ஒரு புள்ளியில் தோல்வி வேறு. கல்வி நிறுவனங்களில் பெண்களுக்குப் பாகுபாடு கூடாது என்ற டைட்டில் நைன் சட்டம் 1972லேயே வந்துவிட்டது, ஆனால் சட்டம் வந்த கையோடு பணமும் வந்துவிடுமா என்ன? கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்சிஏஏ அமைப்பு பெண்களுக்கென்று கூடைப்பந்து சாம்பியன்ஷிப் நடத்தியதே 1982இல்தான்.

அங்கிருந்து 38 சீசன், 1098 வெற்றி, 8 தேசியப் பட்டம். தோல்விகள் வெற்றிகளை மிஞ்சிய சீசன் ஒன்றுகூடக் கிடையாது.

உங்கள் கேள்விக்கு நேரான பதில் இங்கேதான் இருக்கிறது. அதே பல்கலைக்கழகம் ஆண்கள் அணியை எடுத்துக்கொள்கிறீர்களா என்று அவரைக் கேட்டது, அதுவும் ஒரு தடவைக்கு மேல். வேண்டாம் என்றுவிட்டார்; அதை ஏன் பதவி உயர்வு என்கிறீர்கள் என்பதுதான் அவர் திருப்பிக் கேட்டது. மற்றவர்கள் பெரிய இடம் தேடிப் போகிறார்கள், இவர் இருந்த இடத்தைப் பெரிதாக்கினார். 2006இல் பெண்கள் கூடைப்பந்தில் வருடத்துக்குப் பத்து லட்சம் டாலருக்கு மேல் வாங்கிய முதல் பயிற்சியாளரும் அவர்தான்.

இன்னொன்று, இந்த வேலையில் பாதி ஆள் சேர்ப்பு. பள்ளி மாணவிகளின் வீட்டுக்கே போய், அப்பா அம்மாவிடம் உட்கார்ந்து பேசி, எங்கள் கல்லூரிக்கு அனுப்புங்கள் என்று சம்மதிக்க வைக்க வேண்டும். 1990இல் நிறைமாதக் கர்ப்பிணியாக மிஷேல் மார்சினியாக் என்ற பெண்ணைப் பார்க்க பென்சில்வேனியா போனவருக்கு அங்கேயே வலி எடுத்துவிட்டது. திரும்பி வரும்போது விமானி வர்ஜீனியாவில் இறக்கிவிடலாமா என்று கேட்டிருக்கிறார், சம்மிட் முடியவே முடியாது என்று, டென்னசி பல்கலைக்கழகம் இருக்கும் நோக்ஸ்வில் வந்துதான் பிள்ளை பெற்றார். காரணம், அந்த வருடப் போட்டியிலிருந்து டென்னசியை வெளியே அனுப்பியது வர்ஜீனியா அணி! இத்தனைக்கும் மார்சினியாக் முதலில் சேர்ந்தது நோட்டர் டேம் பல்கலைக்கழகத்தில். அப்புறம் டென்னசிக்கு மாறி வந்து 1996 பட்டத்தை வென்று கொடுத்தார்.

வகுப்பில் முதல் மூன்று வரிசையில்தான் உட்கார வேண்டும், கட் அடிக்கவே கூடாது என்பது அவர் போட்ட விதி. ஆட வேண்டிய வருடங்களை அங்கேயே முடித்த ஒவ்வொரு பெண்ணும் பட்டம் வாங்கினார். 1098ஐவிட எனக்கு இதுதான் பெரிய கணக்கு. கொஞ்சம் கொடுமைக்காரியும்தான், ஆட்டம் பிடிக்கவில்லை என்று லாக்கர் அறையைப் பூட்டி அணியை வெளியே நிறுத்தியவர். எல்லாராலும் அவரிடம் தாக்குப்பிடிக்க முடிந்திருக்காது.

2011 ஆகஸ்டில், 59 வயதில், அல்சைமர் வகை மறதி நோய் என்று தானே அறிவித்தார். அதோடு ஒரு முழு சீசன் நடத்திவிட்டு 2012 ஏப்ரலில் விலகினார், 2016இல் காலமானார்.

இப்போது இப்படி ஒருவர் வருவது கஷ்டம். 2021இலிருந்து ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரை வைத்துச் சம்பாதிக்கலாம், ஒரு வருடம் காத்திருக்காமல் வேறு கல்லூரிக்கும் மாறலாம். பல வருடம் சம்பளமில்லாமல் ஆடியவர்களுக்கு அது நியாயமே. பயிற்சியாளருக்குத்தான் ஒவ்வொரு வருடமும் அணியைப் புதிதாகக் கட்டும் பாடு. வர்ஜீனியா ஆண்கள் அணிக்கு 2019இல் பட்டம் வாங்கித் தந்த டோனி பென்னட், இந்தச் சூழலுக்கு நான் சரிப்பட மாட்டேன் என்று 2024 அக்டோபரில், சீசன் தொடங்க சில வாரமே இருக்கும்போது ஒதுங்கிவிட்டார். விதிவிலக்கு வேண்டுமென்றால் சம்மிட்டின் பரம எதிரி ஜீனோ ஆரியெம்மாவைப் பாருங்கள். 1985இல் கனெக்டிகட் பல்கலைக்கழகப் பெண்கள் அணியில் சேர்ந்தவர், 2025இல் 12ஆவது பட்டத்தையும் அங்கேயேதான் வாங்கினார்.