அப்பா எதிரே வந்தாலே குரல் எழும்பவில்லை!
வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: எனக்கு 17 வயது. அப்பா மத ஒழுக்கத்தில் மிகவும் கண்டிப்பானவர். விடுதியில் தங்கி மேற்படிப்பு படிக்க ஆசை. ஆனால் அவர் முன்னால் நின்றாலே குரல் நடுங்கி அழுகை வந்துவிடுகிறது. ஒருமுறை துணிந்து கேட்டேன். "பெரியவர்களை எதிர்த்துக் கேள்வி கேட்பதே பாவம்" என்று பேச்சை முடித்துவிட்டார். அவரிடம் எப்படித்தான் பேசுவது?

பதில்: முதலில் குரலைக் கவனிப்போம். பயம் வந்தால் மூச்சு மேல் மார்போடு நின்றுவிடும், குரல்வளையைச் சுற்றியுள்ள தசைகள் இறுகும். சத்தம் மெலிவதும் நடுங்குவதும் அதனால்தான். இது கோழைத்தனம் இல்லை, உடம்பின் வேலை. பேசப் போகும்முன் இரண்டு மூன்று நிமிடம் தனியே உட்கார்ந்து, 4 எண்ணும் வரை மூக்கால் மூச்சை இழுத்து, 6 எண்ணும் வரை மெல்ல விடுங்கள். நிதானமாக விடுவதுதான் இதில் முக்கியம். பலர் பதற்றத்தில் வேகவேகமாக இழுத்து, தலைசுற்றலோடு போய் நிற்பார்கள். முதல் சொல்லைச் சற்றுத் தாழ்ந்த குரலில் எடுங்கள். உச்சத்தில் தொடங்கினால் இரண்டாவது வாக்கியத்திலேயே குரல் உடைந்துவிடும். அழுகை வந்தால் எழுந்து ஓட வேண்டாம். "அழுகை வருதுப்பா, ஆனாலும் சொல்லி முடிச்சுடறேன்" என்று சொல்லிவிட்டுத் தொடருங்கள்.

அடுத்து, என்ன பேசுவது? ஒரே ஒரு கோரிக்கை. விடுதி, உடை, செல்போன், தோழிகள் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினால், மறுக்க எது சுலபமோ அதைப் பிடித்துக்கொண்டு அவர் மொத்தத்தையும் மறுத்துவிடுவார். மூன்று வாக்கியங்களை எழுதிக்கொள்ளுங்கள்: என்ன வேண்டும், ஏன் வேண்டும், பதிலுக்கு நீங்கள் எதற்குப் பொறுப்பேற்கிறீர்கள். உதாரணமாக: "நான் விடுதியில் தங்கிப் படிக்கணும்ப்பா. நான் படிக்க நினைக்கிற பாடம் இங்கே பக்கத்தில் இல்லை. தினமும் ராத்திரி நானே போன் பண்ணுவேன், மாதம் ஒருமுறை வீட்டுக்கு வந்துடுவேன்." இதை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தால் போதாது. ஐந்தாறு முறை வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். நாக்குக்குப் பழகாத வாக்கியம் பதற்றத்தில் வராது.

பாவம், புண்ணியம் என்று அவர் தொடங்கினால் அந்த வாதத்துக்குள் போகாதீர்கள். மறைநூலிலிருந்து எதிர் மேற்கோள் காட்ட ஆசை வரும். அந்தக் களத்தில் அவருக்குப் பல வருடப் பயிற்சி. தப்பித்தவறி நீங்கள் ஜெயித்தாலும் வீட்டார் முன்னால் அவர் தோற்றதாக ஆகிவிடும், அதன்பின் கதவு திறக்காது. "மதம் அனுமதிக்காது" என்று வருகிற மறுப்புகளில் சில உண்மையாகவே நம்பிக்கை சார்ந்தவை. சில வெறும் பழக்கம். சில, ஊர் என்ன சொல்லுமோ, மகளுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்கிற பயம். நம்பிக்கையோடு பேரம் பேச முடியாது, பயத்துக்குப் பதில் சொல்லலாம். ஆகவே, "விடுதியில் எதை நினைச்சா உங்களுக்குக் கவலையா இருக்குப்பா?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். வழிபாடு விட்டுப்போகும் என்பது கவலையானால் அதற்கு அங்கே என்ன வசதி, பாதுகாப்பு என்றால் பொறுப்பாளர் யார், வாசல் எத்தனை மணிக்கு அடைப்பார்கள் என்பதையெல்லாம் முன்கூட்டியே விசாரித்து வைத்திருங்கள்.

நேரத்தை அவரிடமே கேட்டு வாங்குங்கள்: "ஒரு பதினைந்து நிமிஷம் பேசணும், எப்போ வரட்டும்?" விருந்தினர் இருக்கும்போதும், வேறு யாரையாவது அவர் கடிந்துகொண்ட கையோடும் வேண்டாம். "நீங்க எப்பவுமே இப்படித்தான்", "அவங்க அப்பா விடறாரே" என்ற இரண்டு வாக்கியங்களும் பேச்சைக் கெடுப்பவை. மறுத்தால், "எது மாறினா யோசிப்பீங்க?" என்று மட்டும் கேட்டுவிட்டு எழுந்துவிடுங்கள். ஒன்றிரண்டு வாரம் கழித்து, அவர் சொன்னதற்கான பதிலோடு திரும்பப் போங்கள். விண்ணப்பத்தின் கடைசி நாளைக் கணக்கிட்டு, இரண்டு மூன்று சுற்றுப் பேச்சுக்கு இடம் விட்டே தொடங்குங்கள்.

நேரில் முடியவே முடியாது என்றால் கடிதம் எழுதலாம். ஒரு பக்கம் போதும், அவர் கையிலேயே கொடுங்கள். எழுத்தாளர் காஃப்கா 1919-ல் தன் அப்பாவுக்கு எழுதிய கடிதம் நூறு பக்கத்தைத் தாண்டியது. கடைசிவரை அது அப்பாவிடம் போய்ச் சேரவே இல்லை.

கேள்வி: நான் 19 வயது மாணவன். கடவுள் நம்பிக்கை போய்விட்டது. வழிபாட்டில் நின்று நடிப்பது உறுத்துகிறது. அப்பாவிடம் சொல்லிவிடலாமா?

பதில்: சொல்லியே ஆக வேண்டும் என்ற கடமை எதுவும் உங்களுக்கு இல்லை. சொல்லாமல் இருப்பதெல்லாம் ஏமாற்று ஆகாது. முதலில் கணக்குப் பாருங்கள்: கல்விக் கட்டணம் யார் கட்டுகிறார்? சான்றிதழ்கள், அடையாள ஆவணங்கள் யாரிடம் இருக்கின்றன? வீட்டைவிட்டு வெளியேறச் சொன்னால் ஒரு மாதம் எங்கே தங்குவீர்கள்? மூன்றுக்கும் விடை இல்லையென்றால் படிப்பு முடியும் வரை தள்ளிப்போடுவதே புத்திசாலித்தனம்.

சொல்வதென்று முடிவெடுத்தால், பண்டிகை நாளிலோ உறவினர் நடுவிலோ வேண்டாம். "கடவுள் இல்லை" என்பது அவர் காதில் "நீங்கள் வாழ்ந்ததே வீண்" என்று விழும். "எனக்கு இப்போ நம்பிக்கை வரலைப்பா. உங்க நம்பிக்கை மேல மரியாதை இருக்கு" என்பது உங்களைப் பற்றிய பேச்சாக மட்டும் நிற்கும். முக்கியமாக, அவர் இதை வேறு யாரோ காட்டிய வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் பார்த்துத் தெரிந்துகொள்ளக் கூடாது. அந்த அவமானம் விஷயத்தைவிடப் பெரிதாகிவிடும்.

கேள்வி: மகள் எல்லாவற்றையும் என்னிடம்தான் சொல்கிறாள். நான்தான் கணவரிடம் பக்குவமாக எடுத்துச் சொல்லி அனுமதி வாங்கித் தருகிறேன். இது சரியா?

பதில்: சின்ன வயதில் சரி. பதினைந்து பதினாறு ஆன பிறகும் தொடர்ந்தால், அவளுக்குப் பேசத் தெரியாமலே போகும், அவருக்குக் கேட்கத் தெரியாமலே போகும். சிறிய விஷயங்களிலிருந்து மாற்றுங்கள். அவளே கேட்கட்டும், நீங்கள் அதே அறையில் உட்கார்ந்திருங்கள். அவள் தடுமாறினால் வாக்கியத்தை நீங்கள் முடித்து வைக்காதீர்கள். கணவர் இடைமறித்தால், "அவ சொல்லி முடிக்கட்டுமே" என்ற அளவில் நிறுத்திக்கொள்ளுங்கள். அவருக்குத் தெரியாமல் அனுமதி கொடுத்து மூடி மறைப்பது மட்டும் வேண்டாம். வெளியில் வந்தால் இரண்டு பேர் மீதும் நம்பிக்கை போய்விடும்.

கேள்வி: நான் கண்டிப்பான தகப்பன்தான். மகன் சொன்ன பேச்சைத் தட்டுவதில்லை. ஆனால் ஒரு வருடமாக என்னிடம் பேசுவதே இல்லை. கண்டிப்பு தவறா?

பதில்: தவறில்லை. அமெரிக்க உளவியலாளர் டயானா பாம்ரின்ட் 1960-களிலேயே இரண்டு வகைக் கண்டிப்பைப் பிரித்துக் காட்டினார். ஒன்று, காரணம் சொல்லி, பிள்ளை பேசுவதையும் கேட்டு, அன்போடு நடத்தும் கண்டிப்பு. மற்றது, கேள்விக்கே இடம் தராத கண்டிப்பு. உங்கள் வீட்டில் எது என்பதை உங்கள் மகன் உடனே சொல்லிவிடுவார், கேட்கத்தான் வேண்டும். 1989-ல் ஐ.நா. ஏற்ற குழந்தை உரிமை உடன்படிக்கையின் 14-ஆவது பிரிவும் மத விஷயத்தில் வழிகாட்டும் உரிமையைப் பெற்றோருக்குத் தருகிறது. பிள்ளையின் வளரும் பக்குவத்துக்கு ஏற்ப அது அமைய வேண்டும் என்கிறது. ஏழு வயதில் போட்ட விதி பதினேழிலும் அப்படியே இருந்தால் மகன் வாய் மூடிக்கொள்வதில் வியப்பில்லை.

அறிவுரை இல்லாத கேள்வி ஒன்றைத் தினமும் கேளுங்கள். பத்து விநாடி மௌனம் வந்தாலும் நீங்களே நிரப்ப வேண்டாம். சிறிய விஷயம் ஒன்றில் அவர் "வேண்டாம்" என்றால் அப்படியே ஏற்றுக்கொள்ளுங்கள். கடவுள் தண்டிப்பார் என்ற மிரட்டலை இன்றோடு விட்டுவிடுங்கள். அது பக்தியை வளர்ப்பதைவிட ஒளித்து வைப்பதைத்தான் வளர்க்கும்.

கேள்வி: நான் எதிர்த்துப் பேசினால் அப்பா பெல்ட்டால் அடிக்கிறார். ஒழுக்கத்துக்காக என்கிறார். (வயது 15)

பதில்: எந்த ஒழுக்கத்தின் பெயராலும் இது சரியாகாது. மேலே சொன்ன பேச்சு முறைகள் எதுவும் உங்களுக்கு இப்போது பொருந்தாது. அவரிடம் தனியாகப் பேச முயல வேண்டாம். நம்பிக்கையான ஆசிரியர், பள்ளி ஆலோசகர், உறவினர் என வீட்டுக்கு வெளியே இருக்கும் பெரியவர் ஒருவரிடம் இந்த வாரமே சொல்லுங்கள். எந்த நாள், எதனால் அடித்தார், எங்கே காயம் என்று விவரமாகச் சொல்லுங்கள். "கொஞ்சம் பொறுத்துப் போ" என்று அவர் அனுப்பிவிட்டால் அடுத்தவரிடம் போங்கள். உங்கள் நாட்டின் குழந்தைகள் உதவி எண்ணை மனப்பாடம் செய்து வைத்துக்கொள்ளுங்கள். போனில் சேமித்தால் அவர் கண்ணில் படலாம்.