தமிழ்நாடு என்றால் சென்னை மட்டுமா?

கேள்வி: டெல்லியில் ஒரு மணி நேரம் மழை பெய்தால் ஆங்கிலச் சேனல்கள் நாள் முழுக்கக் காட்டுகின்றன. தூத்துக்குடி மூழ்கியபோது கீழே ஒரு வரி ஓடியது. தமிழன் என்றால் அவ்வளவு இளப்பமா?
- வாசகர், ஈசூன், சிங்கப்பூர்

பதில்: உங்கள் கோபம் நியாயம். 2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த ஒரே நாளில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. மழை. அந்தப் பக்கம் வருடம் முழுக்கப் பெய்வதே அவ்வளவு இருக்காது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனது. சிக்கிய பயணிகளில் கடைசி ஆட்களை மீட்க 19ஆம் தேதி ஆகிவிட்டது. அதே 18ஆம் தேதிதான் நாடாளுமன்றத்தில் 78 எம்.பி.க்கள் இடைநீக்கம். டெல்லியை ஒட்டிய நொய்டாவில் ஸ்டூடியோ வைத்திருப்பவர்களுக்குக் கூப்பிடு தூரத்தில் செய்தி கிடைத்துவிட்டது.

ஆனால் தமிழன் என்பதால்தான் இப்படி என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பிரம்மபுத்திரா வருடா வருடம் அசாமை மூழ்கடிக்கிறது. அவர்களுக்கும் இதே குறைதான். ரேட்டிங் வராத ஊரில் நிருபர் வைக்க எந்த முதலாளியும் செலவு செய்வதில்லை.

சரி, சென்னைச் சேனல்கள் மட்டும் என்ன செய்கின்றன? 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் அருகே கரை கடந்தது. பேராவூரணி, பட்டுக்கோட்டைப் பக்கம் தென்னந்தோப்புகள் வேரோடு சாய்ந்தன. ஊரில் கரண்ட் இல்லை, போன் டவர் இல்லை. இங்கே துவாசிலும் கிராஞ்சியிலும் விடுதிகளில் இருந்த டெல்டாத் தம்பிகள், வீட்டுக்கு லைன் கிடைக்காமல், தங்கள் ஊர்ப் பெயர் வருகிறதா என்று செய்தியைத்தான் நம்பியிருந்தார்கள். புதிதாக வைத்த தென்னை காய்க்க ஐந்தாறு வருடமாவது ஆகும். அந்தத் தோப்புக்காரர்கள் கடனை எப்படிக் கட்டினார்கள் என்று திரும்பிப் போய்க் காட்டியவர்கள் எத்தனை பேர்?

இதற்குக் காரணமும் பணம்தான். மாவட்ட நிருபர்களில் பலருக்கு மாதச் சம்பளமே கிடையாது. அனுப்பிய செய்தி ஓடினால்தான் காசு. சொந்தப் பெட்ரோலில் ஒதுக்குப்புறக் கிராமத்துக்குப் போய் எடுத்தது ஓடாவிட்டால் கைக்காசு போச்சு. அப்புறம் யார் போவார்கள்?

டெல்லியைக் கேட்கும் கேள்வியைச் சென்னையிடமும் கேளுங்கள்: டெல்டாவிலும் தெற்கிலும் உங்களிடம் சம்பளம் வாங்கும் நிருபர் எத்தனை பேர்? மாதாமாதம் சந்தா கட்டிப் பார்க்கும் நமக்கு அதைக் கேட்க உரிமை உண்டு.