செப்டம்பரைப் பற்றிக் கேளுங்கள்

கேள்வி: நான் 23 வயதுப் பெண். மூன்று மாதமாக இன்னொரு பெண்ணைக் காதலிக்கிறேன். வசதியான வீட்டுப் பெண், நிறையப் படித்தவள். அவள் பேச ஆரம்பித்தால் நேரம் போவதே தெரியாது. செப்டம்பரில் மேற்படிப்புக்கு வெளியூர் போகிறாள். போன வாரம் இருவரும் சேர்ந்து 'மை சம்மர் ஆஃப் லவ்' படம் பார்த்தோம். அதன் முடிவைப் பார்த்ததிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. அவள் சொல்வதில் எது நிஜம், எது கதை என்று ஒவ்வொன்றாக நோண்டிக்கொண்டிருக்கிறேன். எங்களைப் போன்றவர்களின் காதல் கடைசியில் இப்படித்தான் முடியுமா?

பதில்: அன்புத் தோழிக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இல்லை. லீவுக்கு வந்த பணக்கார வீட்டுப் பையன் ஒருவன் உள்ளூர் ஏழைப் பெண்ணோடு பழகிவிட்டுக் கைகழுவிவிட்டுப் போனால், ஆண்-பெண் காதலே பொய் என்று யாராவது முடிவு கட்டுவார்களா? அவனைத்தான் திட்டுவார்கள். இரண்டும் பெண்களாக இருந்துவிட்டால் மட்டும் பழி காதல்மேல் விழுகிறது. நீங்களும் அந்தப் பழியைச் சுமக்க வேண்டாம்.

பவெல் பவ்லிகோவ்ஸ்கி 2004-ல் எடுத்த அந்தப் படத்தை நானும் பார்த்திருக்கிறேன். பார்க்காத வாசகர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். இங்கிலாந்தின் யார்க்ஷயரில் ஒரு சின்ன ஊர். மோனாவுக்கு அப்பா யாரென்று தெரியாது, அம்மா புற்றுநோயில் போய்விட்டாள். சிறைக்குப் போய் வந்த அண்ணன் இப்போது தீவிர பக்தன். குடும்பத்தின் மதுக்கடையை ஜெபக்கூடமாக மாற்றிக்கொண்டிருக்கிறான். டாம்சின் மலைமேல் பெரிய பங்களாவில் இருப்பவள், விடுதிப் பள்ளியிலிருந்து தற்காலிகமாக நீக்கப்பட்டவள். மோனா புல்லில் மல்லாந்து கிடக்கிறாள். பக்கத்தில் எஞ்சின் இல்லாத பழைய மோட்டார் சைக்கிள். டாம்சின் வெள்ளைக் குதிரைமேல் உட்கார்ந்து அவளைக் குனிந்து பார்க்கிறாள். இருவரும் சந்திப்பதே அப்படித்தான். ஒருத்தி மேலே, ஒருத்தி கீழே. இரண்டு பேருக்கும் நடுவில் இருக்கும் மேடுபள்ளத்தை அந்த ஒரே காட்சியில் காட்டிவிடுகிறார் இயக்குநர்.

டாம்சின் பொய் சொல்வது கடைசியில்தான் தெரிகிறது என்று நினைக்கிறீர்களா? ஆரம்பத்திலேயே இருக்கிறது. பிரெஞ்சுப் பாடகி எடித் பியாஃபின் ரெக்கார்டைப் போட்டுவிட்டு, அந்தப் பாடகி தன் கணவர்களில் ஒருவரை முள்கரண்டியால் குத்திக் கொன்றவள் என்று கதை விடுகிறாள். பியாஃப் யாரையும் கொல்லவில்லை. 1949-ல் விமான விபத்தில் இறந்த குத்துச்சண்டை வீரர் மார்செல் செர்தான் அவருடைய காதலர். டாம்சின் அவரைக் கணவராக்குவதும் கற்பனைதான். மோனா இதையெல்லாம் எங்கே போய்ச் சரிபார்ப்பாள்? வாயைப் பிளந்து கேட்கிறாள். பிறகு சாப்பிட மறுக்கும் நோயால் வாடிச் செத்துப்போனதாக டாம்சின் சொல்லும் தன் அக்கா சேடியின் கதை. அதையும் நம்புகிறாள். வீட்டை விட்டுவிட்டுப் பெட்டியோடு மலையேறிப் போனால், செத்த அக்கா உயிரோடு நிற்கிறாள். டாம்சின் சீருடை போட்டுப் பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறாள்.

எனக்கு அதில் அக்காவைவிட அந்தச் சீருடைதான் பெரிய அடி. அந்தக் கோடையில் டாம்சினும் சந்தோஷமாகத்தான் இருந்தாள். முழுக்க நடிப்பு என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் லீவு முடிந்தால் திரும்பிப் போக அவளுக்குப் பள்ளி இருந்தது, வீடு இருந்தது. மோனாவுக்கு டாம்சின் மட்டும்தான். ஒருத்திக்குப் பொழுதுபோக்காக இருந்தது இன்னொருத்திக்கு வாழ்க்கையாகிவிட்டது. டாம்சினுடைய பொய்களையெல்லாம்கூட மன்னித்துவிடலாம். இது தெரிந்தும் அவள் வாயை மூடிக்கொண்டிருந்ததைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

இனி உங்கள் விஷயம். அவள் சொன்ன கதைகளை நோண்டுவதை இன்றோடு நிறுத்துங்கள். எந்தக் கல்லூரியில் என்ன பரிசு வாங்கினாள், பாட்டி நிஜமாகவே டாக்டரா என்று துப்பறிந்து என்ன ஆகப்போகிறது? காதலின் முதல் மாதங்களில் எல்லோரும் கொஞ்சம் ஜிகினா ஒட்டிக்கொள்வதுதான். நீங்களும் ஒட்டியிருப்பீர்கள்.

அவளிடம் கேட்க வேண்டியது செப்டம்பரைப் பற்றி. 'நீ போன பிறகு நாம் என்ன செய்யப்போகிறோம்?' என்று நேராகக் கேளுங்கள். படத்தில் மோனா அதைக் கேட்கவே இல்லை. பிரிந்தால் கொன்றுவிடுவேன், செத்துவிடுவேன் என்று இருவரும் சத்தியம் செய்கிறார்களே தவிர, லீவு எப்போது முடிகிறது என்ற பேச்சே வரவில்லை. சத்தியம் செய்வது சுலபம். எந்த வாரம் ஊருக்கு வருவாய், உன் நண்பர்களிடம் என்னை யாரென்று சொல்வாய் என்று கேட்டால்தான் ஆள் தெரியும். அவள் 'தெரியவில்லை, பயமாக இருக்கிறது' என்றால் அது நேர்மையான பதில். அதை வைத்துக்கொண்டு மேலே பேசலாம். சிரித்து மழுப்பினாலோ, பேச்சை மாற்றிப் புதுக் கதை ஒன்றைத் தொடங்கினாலோ கவனமாக இருங்கள். படம் முடிந்ததும் அவள் என்ன சொன்னாள் என்று நீங்கள் எழுதவில்லை. அதையும் யோசித்துப் பாருங்கள்.

இன்னொன்று. ஓடையில் மோனா டாம்சினின் கழுத்தை நெரித்துவிட்டு, பிறகு விட்டுவிட்டு நடந்து போகும் காட்சியைச் சிலர் வெற்றியாகக் கொண்டாடுகிறார்கள். நடந்து போனது சரி. கழுத்தில் கை வைத்தது எந்தக் கணக்கிலும் சரியில்லை, எவ்வளவு ஏமாந்திருந்தாலும்.

வேலை, தோழிகள், கையில் கொஞ்சம் பணம், இவற்றில் எதையும் அவளுக்காக இப்போதே விட்டுவிடாதீர்கள். அவள் பதில் சொன்ன பிறகு மறுபடி எழுதுங்கள்.