சீனியரின் லேப் புரோகிராமில் வேரியபிள் பெயரை மட்டும் மாற்றிக் கொடுத்தால் மாட்டிக்கொள்வேனா?

ஒரே வாரத்தில் டேட்டா ஸ்ட்ரக்சர் லேப், டிபிஎம்எஸ் (டேட்டாபேஸ்) லேப், இரண்டு ரெக்கார்டு, நடுவில் இன்டர்னல் தேர்வு. வியாசர்பாடியிலிருந்து போய்வருவதற்கே பாதி நாள் போகிறது, வேறு வழியில்லை என்கிறீர்கள். அந்தச் சுமை நியாயமில்லைதான். ஆனால் இந்த வழியில் மாட்டிக்கொள்ள வாய்ப்பு அதிகம்.

காப்பியடித்த புரோகிராமைக் கண்டுபிடிக்க 1994-இல் அலெக்ஸ் ஐக்கன் உருவாக்கிய மாஸ் (MOSS) என்ற கருவி வேரியபிள் பெயர், இடைவெளி எதையும் பொருட்படுத்தாது. மிச்சத்தைச் சிறு துண்டுகளாக்கி, எண்களாக மாற்றி, அவற்றில் சிலவற்றைக் கைரேகைபோல வைத்து ஒப்பிடும். ஃபங்ஷன்களை இடம் மாற்றினாலும் ரேகை பொருந்தும்.

கருவியே இல்லாத கல்லூரியில் பிழை காட்டிக்கொடுக்கும். லிங்க்டு லிஸ்ட் என்பது ஒவ்வொரு பெட்டியும் (நோடு) அடுத்ததைக் காட்டும் சங்கிலி; முதல் பெட்டியைக் காட்டுவது ஹெட். அதில் முதல் நோடை அழிக்கும் ஃபங்ஷனுக்கு ஹெட்டை அப்படியே அனுப்பினால் மெயினில் உள்ள ஹெட் மாறாது; அழித்த இடத்தையே காட்டிக்கொண்டிருக்கும். புது ஹெட்டை ரிட்டர்ன் செய்ய வேண்டும், அல்லது டபுள் பாயின்டர் (ஹெட் இருக்கும் இடத்தின் முகவரி) அனுப்ப வேண்டும். இதே தப்பு நாலு பேரின் ரெக்கார்டில் ஒரே வரியில் இருந்தால் எந்த மேடத்துக்கும் புரிந்துவிடும். வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) "இந்த ஸ்டாரை (*) எடுத்தால் என்ன ஆகும்?" என்று ஒரு கேள்வி போதும். ஏஐ எழுதித் தந்த புரோகிராமுக்கும் இதே கதிதான்.

நேரம் எங்கே போகிறது தெரியுமா? எண்பது வரியை மொத்தமாக அடித்துவிட்டு, சப்மிஷனுக்கு முந்தின இரவு முதல்முறையாக கம்பைல் செய்வதில். லேப் நடந்த அன்றே அரை மணி நேரம் உட்காருங்கள், சார் சொன்னது மறப்பதற்குள். முதலில் இன்சர்ட், பிரின்ட் இரண்டு மட்டும். பத்து வரிக்கு ஒருமுறை கம்பைல் செய்யுங்கள், வார்னிங்கை விடாதீர்கள். டெலீட் எழுதியதும் காலி லிஸ்ட், ஒரே நோடு, முதல், நடு, கடைசி, இல்லாத எண் என்று ஆறையும் ஓட்டிப் பாருங்கள். ஓடிய பிறகே ரெக்கார்டில் எழுதுங்கள்; முன்னாலேயே எழுதினால் இரண்டு வேலை.

லேப்டாப் இல்லையென்றால் ஆண்ட்ராய்டு போனில் டெர்மக்ஸ் என்ற ஆப்பைப் போட்டு, அதில் கிளாங் என்ற கம்பைலரை நிறுவினால் சி புரோகிராம் ஓடும். வீட்டில் இடம் இல்லையென்றால் கொளத்தூரில் 2024-இல் திறந்த முதல்வர் படைப்பகத்தில் படிக்க இடம் உண்டு.

நண்பனிடம் கேட்பது தப்பில்லை. பெட்டியும் அம்புக்குறியும் போட்டுப் பேப்பரில் பேசுங்கள். அவன் எழுதிய புரோகிராமை மட்டும் வாங்காதீர்கள். முடியவில்லையென்றால் கெடு முடிவதற்கு முன்பே, பாதி ஓடும் புரோகிராமோடு போய் இரண்டு நாள் கேளுங்கள். கையில் எதுவும் இல்லாமல் கெடு முடிந்த பிறகு கேட்பவருக்குக் கொடுப்பதைவிட அப்படி வருபவருக்குத்தான் பெரும்பாலும் கொடுப்பார்கள்.